மத்ததும் இப்படியே வரும்

இல்ல அண்ணி, அந்த நாற்காலி வேண்டாம், ஒரு பக்கமா சாயும். இதுல ஒக்காருங்க. பையக் கீழ வைங்க, யாரும் தொட மாட்டாங்க. பஸ் டைம்டேபிளத் தவிர இந்த ரூம்ல எடுத்துட்டுப் போறதுக்கு என்ன இருக்கு. ம், இப்பச் சொல்லுங்க. நான் அந்தப் பாடத்த விட்டுடணும். அவ்வளவுதானே? அதுக்குத்தான் இப்படி மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க.

நான் இங்க வேலைக்குச் சேந்ததுலேர்ந்து நீங்க ஒரு தடவையாவது இந்தப் படி ஏறினதுண்டா? டிப்போ கேட்ல நின்னு வாட்ச்மேன்கிட்ட வழி கேட்டுக்கிட்டிருந்தீங்க, ஜன்னல் வழியாப் பாத்தேன். பாத்ததும் வீட்ல யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு நெனைச்சேன். அப்புறம்தான் கையில ஆப்பிள் பை தெரிஞ்சுது. ஆப்பிளோட ஒருத்தர் வந்தா நோயாளி நாமதான். சரி, வரட்டும்னு ஒக்காந்துட்டேன்.

அண்ணன் அனுப்பல, நீங்களாத்தான் வந்தீங்க. சரி, நம்புறேன். என் பாடம் என்ன, பதிவு என்னிக்கு முடியுது, வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திக்கலாம், எல்லாத்தையும் நீங்களாவே கண்டுபிடிச்சுட்டு வந்திருக்கீங்க. கெட்டிக்காரிதான்.

அண்ணனுக்கு யூனிவர்சிட்டில இது கடைசி டேர்ம்னு எனக்குத் தெரியாதா அண்ணி? இது முடிஞ்சா ரிட்டயர் ஆகுறாரு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது அந்த ஜியாமெட்ரி பாடத்த நடத்திட்டுப் போகணும்னு கெடந்து தவிக்கிறாரு. அவரே உருவாக்குன பாடம், அதுக்குன்னு வருஷக்கணக்கா எழுதிச் சேத்து வச்சிருக்காரு. எந்தப் பாடத்துக்கு அவரு பேரு வந்தாலும் நான் போய்ச் சேந்துடுவேன், அவரு வெளிய வந்துடுவாரு. வீட்ல ஒக்காந்து அதையே சொல்லிச் சொல்லிப் பொலம்புறாரு. பாவம். நான் பாவம்னு சொன்னது உங்களத்தான். அந்தப் பொலம்பல ஒக்காந்து கேக்குறது நீங்கதானே.

சிரிக்கலாம், தப்பில்ல. நான் போய்ச் சொல்ல மாட்டேன்.

இந்தப் படிப்பு என்ன ஏதுன்னு அவரு என்னிக்காவது உங்ககிட்ட சொல்லியிருக்காரா? நான் சொல்றேன் கேளுங்க. எம்எஸ்ஸி கணக்கு, ஆனா ஃப்ளெக்ஸிபிள். வேலைக்குப் போறவங்க, பிள்ளை குட்டிக்காரங்க, பாதியில விட்டவங்க, எல்லாரும் படிக்கலாம். சாயந்தரம் வகுப்பு. வர முடியலைன்னா வீட்ல ஒக்காந்து வீடியோவுல பாத்துக்கலாம். எந்தப் பாடத்த வேணா எடுக்கலாம், எந்த வரிசையில வேணா எடுக்கலாம், ஒரு டேர்ம்ல ஒண்ணு எடு, ரெண்டு எடு, ஒண்ணுமே எடுக்காத, உன் இஷ்டம். மாமியார் ஆஸ்பத்திரியில கெடக்காங்களா, இந்த டேர்ம விட்டுட்டு அடுத்ததுல வா. ஏன் எதுக்குன்னு ஒருத்தர் கேக்க மாட்டாங்க. இத்தன வருஷத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு கெடு மட்டும் உண்டு, அதுவும் தாராளமாத்தான் குடுத்திருக்காங்க. இவ்வளவு நல்ல மனசோட இப்படி ஒரு படிப்பக் கொண்டு வந்தது யாருன்னு நெனைக்கிறீங்க? உங்க வீட்டுக்காரர்தான். விதிமொறை மொத்தமும் அவரு கையால எழுதினது. மீட்டிங்ல சண்ட போட்டு வாங்கினாரு. அதுக்குத்தான் பேப்பர்ல அவரு போட்டோ வந்துது, உங்க ஹால்ல டிவிக்கு மேல மாட்டி வச்சிருக்கீங்களே, அது. பாதியில படிப்ப விட்டவங்களுக்குக் கதவத் தெறந்து விட்டவர்னு கீழ எழுதியிருக்கும். அதப் படிச்சுட்டுத்தான் நான் போய்ச் சேந்தேன்.

நெஜமாத்தான் சொல்றேன். கதவு தெறந்திருந்துது, உள்ள போனேன்.

அந்த விதியில ஒண்ணு என்னன்னா, நெருங்கின சொந்தக்காரங்க படிக்கிற வகுப்புக்கு வாத்தியாரா இருக்கக் கூடாது. பாடமும் நடத்தக் கூடாது, பேப்பரும் திருத்தக் கூடாது. நல்ல விதிதான், நான் குத்தம் சொல்லல. நாளைக்கு ஒருத்தரும் வெரல் நீட்டக் கூடாதுன்னு யோசிச்சு எழுதினாரு. சரி, அப்படி ஒரு சொந்தக்காரர் வந்து சேந்துட்டா யாரு வெளிய போறது? படிக்க வர்றவங்க சௌகரியம்தான் முக்கியம், அதனால வாத்தியார் வெலகிக்கணும்னு எழுதிட்டாரு. எழுதும்போது அவரு மனசுல யாரோ ஒரு மச்சான் மகன் இருந்திருப்பான். தங்கச்சின்னு ஒரு கேஸ் இருக்குன்னு அவருக்குத் தோணவே இல்ல. அவரு பழக்கமே அதுதான் அண்ணி. ஒரு கணக்குல நாலு கேஸ் இருந்தா, ரெண்டப் போட்டுட்டு மத்ததும் இப்படியே வரும்னு எழுதிக் கீழ கோடு கிழிச்சுடுவாரு. காலேஜ்லேர்ந்தே அப்படித்தான். நெறைய நேரம் வரவும் வரும். வராத நேரத்துல பக்கத்துல நான் இருந்தேன்.

அத விடுங்க, அதுக்கு வர்றேன்.

மொத தடவ நான் வேணும்னு பண்ணல. அல்ஜிப்ரா எடுத்தேன். காலேஜ்ல என் உசுரு அந்தப் பாடம். யாரு நடத்துறாங்கன்னுகூடப் பாக்கல. வகுப்புக்குப் போனா ஒரு சின்னப் பொண்ணு வந்து, புரபசருக்கு வேற பொறுப்பு குடுத்துட்டாங்க, நான்தான் எடுக்கப் போறேன்னுச்சு. அதுக்கென்ன, நல்லா நடத்தினாச் சரின்னு ஒக்காந்து எழுதிக்கிட்டேன். நல்லாவும் நடத்துச்சு. முடிஞ்சு வெளிய வர்றேன், வராந்தாவுல அண்ணன் நிக்கிறாரு. அல்ஜிப்ரா புக்க நெஞ்சோட அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, கடைசி பஸ்ஸ விட்டவரு மாதிரி நிக்கிறாரு. என்னப் பாத்தாரு. அந்த மூஞ்சி இருக்கே அண்ணி. உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போவுது, அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு. என் கல்யாணத்தன்னிக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க.

அடுத்த டேர்ம்லேர்ந்து பாடத்தோட பேரப் பாக்குறத விட்டுட்டேன். நடத்துறவரு பேர மட்டும் பாத்தேன்.

ஒரு நிமிஷம் அண்ணி, போன். ம், சொல்லுங்க. எங்க, பாலத்துகிட்டயா? எவ்வளவு நேரமா நிக்கிது? சரி, பின்னாடி வர்ற வண்டிய மேம்பாலத்துல விடாதீங்க, மார்க்கெட் வழியாத் திருப்புங்க. டிரைவர் சாப்பிடலைன்னா அவர எறக்கிட்டு ரிசர்வ்ல இருக்குறவர ஏத்துங்க. பசியோட ஓட்ட விடாதீங்க. வைங்க.

இதான் என் பொழப்பு. ஒரு பஸ்ஸும் இன்னொரு பஸ்ஸும் ஒரே நேரத்துல ஒரே ஸ்டாப்ல வந்து முட்டிக்கிட்டு நிக்காம நேரம் போடுறது. மோதாம போடத் தெரிஞ்சவளுக்கு மோதுற மாதிரி போடத் தெரியாதா? அண்ணன் எந்த டேர்ம்ல எந்தப் பாடம் எடுக்கலாம்னு நான் முன்கூட்டியே கணக்குப் போட்டுடுவேன். ஒருத்தர் லீவுல போறாரு, ஒருத்தர் புது வகுப்புக்குப் போறாரு, அப்ப இவருக்கு மிச்சம் இருக்குறது இதுதான். தப்பினதே இல்ல. ஒரு டேர்ம்ல ரெண்டு பாடம் அவரு பேருல வந்துது. ரெண்டுலயும் சேந்துட்டேன். அந்த டேர்ம் எங்க வீட்ல சமையலே ஒழுங்கா நடக்கல, எங்க வீட்டுக்காரர் ரொட்டியக் கடிச்சுக்கிட்டு இதெல்லாம் உனக்குத் தேவையான்னாரு. தேவைன்னேன். அதுக்கப்புறம் அவரு கேக்கல.

நட்டமே இல்லன்னு சொல்ல மாட்டேன். நெட்வொர்க் கணக்குன்னு ஒரு பாடம் இருந்துது. ரோடு, ஸ்டாப், போன ரோட்டுலயே மறுபடி போகாம ஊரச் சுத்தி வர முடியுமா முடியாதா, அதெல்லாம் அதுல வரும். எனக்குன்னே அளவெடுத்துத் தச்ச பாடம். அதுல சேரல. அந்த டேர்ம்ல அண்ணன் நம்பர் தியரி நடத்துறதா இருந்துது, நான் அதுல சேந்தேன்.

அப்ப படிக்கிறதுக்காகப் படிக்கலையான்னு கேக்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க. அதுதான் வேடிக்க. வெறுப்புல சேந்தாலும் பாடம் பாடமாத்தான் இருக்கு. ஒருநாள் பஸ்ல ஒக்காந்து ஒரு நிரூபணத்த யோசிச்சுக்கிட்டே வர்றேன், ரெண்டு வாரமா பிடி குடுக்காதது, சட்டுன்னு பிடிபட்டுடுச்சு. தல நிமிந்து பாத்தா என் ஸ்டாப் எப்பவோ போயிடுச்சு. டைம்டேபிள் போடுறவளே எறங்க மறந்துட்டான்னு கண்டக்டர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சாரு. கடைசி ஸ்டாப்ல எறங்கி, ரோட்டோரமா நின்னு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி ஆயிடுச்சு எனக்கு. இது எனக்கு அப்பவே கெடைச்சிருக்க வேண்டியதுன்னு தோணுச்சு. அன்னிக்கு அவரு மேல இருந்த ஆத்திரம் கொறஞ்சிருக்கும்னுதானே நெனைக்கிறீங்க? ரெண்டு பங்காச்சு.

அவருக்கு இப்ப போன் போட்டுப் பிரயோஜனமில்ல, எடுக்க மாட்டாரு. இப்ப அவருக்கு நர்ஸிங் வகுப்பு. அவரு நேரமெல்லாம் உங்களவிட எனக்கு நல்லாத் தெரியும். சாயந்தர வகுப்பெல்லாம் கைய விட்டுப் போனதும் சும்மா ஒக்கார வைக்க முடியாதுல்ல, நர்ஸிங் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்க விட்டுட்டாங்க. எவ்வளவு எடைக்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தண்ணில கலக்கணும், அந்தக் கணக்கு. கேன்டீன்ல என் பக்கத்துல ஒக்காந்து அந்தப் பிள்ளைங்க பேசிக்கிட்டதக் காதால கேட்டேன். ஒரு கணக்கப் போட்டுட்டு, மத்ததும் இப்படியே வரும்னு போர்ட அழிக்கப் போனாராம். ஒரு பொண்ணு எந்திரிச்சு, குழந்தையா இருந்தா எப்படி சார், கிட்னி கெட்டவங்களா இருந்தா எப்படி சார், எல்லாத்தையும் போட்டுக் காட்டுங்க, தப்பாப் போனா செத்துடுவாங்கன்னுச்சாம். மணி அடிக்கிற வரைக்கும் நின்னு ஒவ்வொண்ணா போட்டாராம். வேர்த்துப் போச்சாம் அவருக்கு. அந்தப் பொண்ணுக்கு நான் ஒரு ஜூஸ் வாங்கிக் குடுத்தேன். எதுக்குன்னு அதுக்குப் புரியல, குடிச்சுட்டுப் போச்சு.

கொடுமைதான். நான் இல்லைங்கல.

ஏன்னு நீங்க கேக்கவே இல்ல பாத்தீங்களா? இவ்வளவு நேரமா விடு விடுன்னுதான் சொல்றீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கத என்ன? நானும் அவரோட எம்எஸ்ஸி இன்டர்வியூக்குப் போனேன், எனக்குக் கெடைக்கல, அந்தக் கடுப்பு. அப்படித்தானே சொல்லி வச்சிருக்காரு? சரி, இப்ப என் பக்கத்தக் கேளுங்க.

அவரு ஒரு வருஷம் டைபாய்டுல படுத்தாரு, அதனால நாங்க ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. ஒரே மேசையில ஒக்காந்துதான் படிப்போம். இன்டர்வியூல நமக்குப் பிடிச்ச ஒரு கணக்க எடுத்துப் போர்டுல நிரூபிச்சுக் காட்டணும். அவரு ஒரு ஜியாமெட்ரி கணக்க எடுத்தாரு. ஆமா, இதே ஜியாமெட்ரிதான். அழகாப் போட்டுக்கிட்டு வந்தாரு, ரெண்டு கோடு ஒரு எடத்துல வெட்டிக்குது, அங்கேர்ந்து ஆரம்பிச்சு கடைசி வரைக்கும் போயிட்டாரு. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துட்டு, அந்த ரெண்டு கோடும் வெட்டிக்கலைன்னா என்ன பண்ணுவன்னு கேட்டேன். பக்கத்துல பக்கத்துலயே போய்க் கடைசி வரைக்கும் சந்திக்கலைன்னா? மத்ததும் இப்படியே வரும்னாரு. வரலண்ணா, பாருன்னேன். அந்த ஒரு கேஸுக்கு அவரு வழி செல்லாது, புதுசா வேற வழி வேணும். அந்த வழிய நான் கண்டுபிடிச்சேன். ஒரு வாரம் மண்டைய ஒடைச்சு நான் கண்டுபிடிச்சேன். அவருக்குச் சொல்லிக் குடுத்தேன். மூணு தடவ சொல்லிக் குடுத்தேன். நீயும் இதையே எடுத்துக்க, ரெண்டு பேரும் சேந்து போட்டோம்னு சொல்லிக்கலாம்னாரு. நானும் அதையே எடுத்தேன்.

அவர மொதல்ல கூப்ட்டாங்க. வெளிய வரும்போது சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள், மூஞ்சியெல்லாம் சிரிப்பு. என் தலையில கைய வச்சு, நல்லாப் பண்ணுன்னு சொல்லிட்டுப் போனாரு. நான் உள்ள போய்ப் பாதி போட்டிருப்பேன், ஒருத்தர் நிறுத்தச் சொன்னாரு. இது இப்பத்தானேம்மா உங்க அண்ணன் போட்டுக் காட்டினாரு, அந்தக் கடைசிக் கேஸுக்காகவே அவர எடுத்துட்டோமேன்னாங்க. அது என்னோடதுன்னேன். அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. அண்ணன மறுபடி உள்ள கூப்ட்டுக் கேட்டாங்க.

அவரு என்ன சொன்னாரு தெரியுமா? நான் சொல்லிக் குடுத்ததுதான் சார், அவளுக்கு மனப்பாடம் நல்லா வரும், கணக்குதான் வராது. அதையும் கோவமாச் சொல்லல அண்ணி. ரொம்பப் பிரியமாச் சொன்னாரு. பாவம் ஆசப்பட்டு வந்துட்டா, மன்னிச்சுக்குங்கங்குற மாதிரி.

சும்மா இருந்தேனா? நான் சும்மா இருக்குற ஆளா? வேற கணக்கு குடுங்க, இங்கயே போட்டுக் காட்டுறேன்னேன். நேரமாச்சும்மா, வெளிய நெறைய பேரு நிக்கிறாங்கன்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா சட்டையக் கழட்டி மாட்டிக்கிட்டே, அவன் யூனிவர்சிட்டிக்கே போறான், அவனுக்குத் தெரியாதா உனக்குக் கணக்கு வருமா வராதான்னுன்னாரு. அவ்வளவுதான். அடுத்த வருஷம் மறுபடி எழுதுறேன்னு சொல்லிப் பாத்தேன். மனப்பாடத்துக்கு எதுக்கு எம்எஸ்ஸின்னு சிரிச்சாங்க. அந்தப் பேச்சு அதோட முடிஞ்சுது.

சின்ன வயசு, பயந்துட்டாரு. சரி, ஒத்துக்குறேன். எடம் போயிடுமோன்னு பயந்துட்டாரு. அன்னிக்கு ஒரு நாள் பயந்தாரு, அதுக்கப்புறம் இத்தன வருஷமா யாருக்குப் பயந்தாரு? அப்பா சாகுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில நாங்க ரெண்டு பேரும் கட்டில்கிட்ட நின்னோம். அப்பச் சொல்லியிருக்கலாம்ல? அப்பா, அது இவளோடதுன்னு நாலு வார்த்த. அப்பாவுக்கு நெனவு நல்லாத்தான் இருந்துச்சு. நான் அவரையே பாத்துக்கிட்டு நின்னேன். அவரு டிரிப்ஸ் சொட்டுறதப் பாத்துக்கிட்டு நின்னாரு.

உங்க வீட்ல எந்த விசேஷம்னாலும், வந்தவங்ககிட்ட என்ன எப்படி அறிமுகப்படுத்துவாரு, ஞாபகம் இருக்கா? இது என் தங்கச்சி, பஸ் ஆபீஸ்ல இருக்கா, ஊர்ல இருக்குற அத்தன ரூட் நம்பரும் மனப்பாடம், வேணும்னா கேட்டுப் பாருங்க. எல்லாரும் கேப்பாங்க. நானும் சொல்லுவேன். கை தட்டுவாங்க. நீங்களும் தட்டியிருக்கீங்க அண்ணி. உங்களுக்குத் தெரியாம தட்டினீங்க, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அவரு தெரிஞ்சே சொன்னாரு. ஒவ்வொரு தடவையும் அந்த வார்த்தையச் சொல்லும்போது என் கண்ணப் பாக்க மாட்டாரு.

அழாதீங்க. டிரைவருங்க யாராவது உள்ள வந்தா நான் திட்டிட்டேன்னு நெனைப்பாங்க.

என்ன பண்ணச் சொல்றீங்க, விதின்னு ஒண்ணு இருக்கு, அவரு கையையும் கட்டிப் போட்டிருக்கு, நான் வெலகினாத்தான் அவரு உள்ள வர முடியும். இப்படித்தான் சொன்னாரா உங்ககிட்ட? வேற வழியே இல்லன்னா?

ஓ.

அப்ப அந்த விதியோட கடைசி வரிய உங்களுக்குச் சொல்லல. நான் சொல்றேன். மனப்பாடமாவே சொல்றேன், எனக்கு அதுதானே நல்லா வரும். சொந்தம் இன்னதுன்னு தெரியப்படுத்தி, இந்த மாணவர் இந்தப் பாடத்தப் படிக்கத் தகுதியுள்ளவர்னு ஆசிரியர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தால், அவரே பாடம் நடத்தலாம், விடைத்தாளை மட்டும் வேறொருவர் திருத்துவார். இதையும் அவருதான் எழுதினாரு. வழிய அடைக்கத் தெரிஞ்ச மனுஷன் ஒரு சந்தும் விட்டு வச்சிருக்காரு.

ஆமா அண்ணி, அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. என் தங்கச்சி, இந்தப் பாடத்துக்குத் தகுதியானவ. கையெழுத்து.

நான் சேரும்போதெல்லாம் துறைத் தலைவி அவரக் கூப்ட்டுக் கேக்குறாங்க, எழுதிக் குடுத்துட்டு நீங்களே நடத்துங்க சார்னு. அந்தம்மாவே அவருகிட்ட படிச்சவங்க, அவங்களுக்கே சங்கடமா இருக்கு. என்னக் கூப்ட்டு வச்சுச் சொன்னாங்க. அவரு ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தானாம், அவ தகுதி பத்தி நான் எழுத்துல எதுவும் தர முடியாதுன்னு. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிடுறாராம். அல்ஜிப்ராவ விட்டாரு, நம்பர் தியரிய விட்டாரு, இருக்குற பாடமெல்லாம் ஒண்ணொண்ணா விட்டாரு. அந்தப் பாடத்துலயெல்லாம் நான் வாங்கின மார்க் அந்தம்மா மேசையில இருக்கு, எல்லாமே நல்ல மார்க்குதான், அதப் பாத்தாவது எழுதலாம்ல? எழுத மாட்டாரு. எழுதிட்டா அன்னிக்குச் சொன்னது பொய்னு ஆயிடும்ல. நான் அவர வெளிய தள்ளல அண்ணி. அந்த ஒரு வரி எழுதுறதவிட நர்ஸிங் பிள்ளைங்ககிட்ட வேர்த்துக் கொட்டுறது மேல்னு அவரே போய் நின்னுக்கிட்டாரு. நான் கதவுகிட்ட நிக்கிறேன், அவ்வளவுதான்.

அவர ரிட்டயர்மென்ட் பார்ட்டில கௌரவப்படுத்துவாங்க, மால போடுவாங்க. போடட்டும். ஆனா ஜியாமெட்ரி நடத்தலையே சார்னு ஒருத்தராவது கேப்பாங்க. அப்ப அவரு என்ன சொல்லுவாருன்னு கேக்க நானும் வர்றேன், எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க.

பட்டமா? எப்ப வாங்கப் போறேன்னா? அத வாங்கினா மனசு ஆறிடும்னு நெனைக்கிறீங்களா? நீங்க நல்லவங்க அண்ணி.

அது எப்பவோ முடிஞ்சுது. பாடமெல்லாம் தேறி, புராஜெக்ட்டும் குடுத்தாச்சு. எனக்குப் பட்டம் குடுங்கன்னு ஒரு வார்த்த கேட்டா அடுத்த விழாவுல கூப்ட்டுக் கையில குடுத்துடுவாங்க. நான்தான் கேக்கல. பட்டம் வாங்கிட்டா நான் மாணவி இல்லையே. மாணவி இல்லன்னா அவரு பாடத்துல எப்படிச் சேர முடியும்?

இல்ல, அடுத்த டேர்ம் வாங்க முடியாது. அந்தக் கெடு சொன்னேன்ல, அது இந்த டேர்மோட முடியுது. ஜியாமெட்ரிய விட்டுட்டு வெள்ளிக்கிழமைக்குள்ள கேட்டா பட்டம் உண்டு. இந்த டேர்மும் சேந்து படிச்சேன்னா, டேர்ம் முடியும்போது கெடு தாண்டிடும், படிச்சது மொத்தமும் செல்லாது. மறுபடி மொதல்லேர்ந்து தொடங்கணும். அதுவும் அண்ணன் எழுதின விதிதான். தாராளமா எழுதினாரு, ஆனா கண்டிப்பா எழுதினாரு.

சேந்துட்டேன். நீங்க கேட்ல நின்னு வாட்ச்மேன்கிட்ட வழி கேட்டுக்கிட்டிருந்தீங்கள்ல, முன்னாடியே பதிஞ்ச பேர உறுதி பண்ண அப்பத்தான் இந்தக் கம்ப்யூட்டர்ல பட்டன அமுக்கினேன். அமுக்கிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்பினேன்.

பைத்தியம்னு சொல்லுங்க, கேட்டுக்குறேன். எங்க வீட்டுக்காரரும் அதத்தான் சொல்லப் போறாரு. வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள அவரு அந்த ஒரு வரிய எழுதினா, நான் அவரு வகுப்புல ஒரு நாள்கூட ஒக்கார மாட்டேன். பாடத்த விட்டுட்டு என் பட்டத்த வாங்கிக்கிட்டுப் போயிடுவேன், அவரு நிம்மதியா ஜியாமெட்ரி நடத்தட்டும். எழுதலைன்னா அவருக்கும் பாடமில்ல, எனக்கும் பட்டமில்ல. அன்னிக்கு இன்டர்வியூல அவரு ஒருத்தரு மட்டும் உள்ள போனாருல்ல, இந்தத் தடவ ரெண்டு பேரும் வெளிய நிப்போம்.

எழுத மாட்டாரு அண்ணி. அவர உங்களுக்கு முன்னாடிலேர்ந்து எனக்குத் தெரியும்.

எழுதிட்டாருன்னாவா?

அது நடக்காது. அந்தப் பக்கம் நான் யோசிச்சே பாக்கல. இல்ல, நடக்காதுன்னு சொல்றேன்ல, அதையே ஏன் திருப்பித் திருப்பிக் கேக்குறீங்க. எழுதிட்டாருன்னா அப்புறம் நான் என்ன பண்றதாம்?

எந்திரிங்க, கீழ உங்க பஸ் வந்து நிக்குது. ஆப்பிளையும் எடுத்துக்கிட்டுப் போங்க, அவருக்கு வெட்டிக் குடுங்க. ஓட வேண்டாம், மெதுவாவே எறங்குங்க, நீங்க ஏறின பெறகுதான் அது கெளம்பும். நான் போட்ட டைம்தான் அது.